205-ஆவது தேர்வு, 1068 புள்ளி, கோப்பை பூஜ்யம்: ஜோ பவெல்ஸ்கிக்கு ஹால் ஆஃப் ஃபேம் உண்டா?

(ஐஸ் ஹாக்கி ரசிகர்களின் விவாத இழை. ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

ஏழாம்சுற்று

2027-ல் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் ஜோ பவெல்ஸ்கியின் பெயர் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ்மண்டபத்தின் தேர்வுக்குழு முன்னால் வரும். மூன்று சீசன் ஆடாமல் இருந்தால்தான் தகுதி. அவர் 2024-ல் நிறுத்தினார், கணக்கு சரி. குழுவில் 18 பேர். அதில் 14 ஓட்டு வேண்டும். ஆண் ஆட்டக்காரர்களில் வருஷத்துக்கு அதிகபட்சம் நாலு பேரைத்தான் எடுப்பார்கள். என் கட்சி: எடுக்கணும். முதல் வருஷமே என்று அடம் பிடிக்கவில்லை, ஆனால் எடுக்கணும்.

விஸ்கான்சின் மாநிலத்து ப்ளோவர்க்காரர். 2003 டிராஃப்டில் (அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வு) ஏழாவது சுற்றில், 205-ஆவதாக சான் ஹோசே ஷார்க்ஸ் அணி எடுத்தது. ஸ்கேட்டிங்கில் வேகம் போதாது என்பதுதான் அன்றைக்கும் கடைசி வரைக்கும் சொன்ன குறை. 2004-ல் வாட்டர்லூ ஜூனியர் அணியோடு கிளார்க் கோப்பை, 2006-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தோடு என்.சி.ஏ.ஏ. கல்லூரி சாம்பியன் பட்டம், 2010 ஒலிம்பிக்கில் வெள்ளி. வட அமெரிக்காவின் பெரிய லீகான என்.எச்.எல்.-லில் 1332 ஆட்டம், 476 கோல், 592 அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்; இரண்டும் சேர்ந்ததுதான் புள்ளி). சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளே ஆஃபில் 201 ஆட்டத்தில் 74 கோல். அமெரிக்காவில் பிறந்தவர்களில் பிளே ஆஃப் கோல் கணக்கில் அவருக்கு மேல் யாரும் இல்லை. இதற்கு மேல் என்ன கேட்கிறீர்கள்?

வெறுங்கூண்டு

என்.எச்.எல். சாம்பியனுக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பை கேட்கிறோம். அது இல்லையென்றால் தனி விருது ஒன்று. ஹார்ட் இல்லை, ஆர்ட் ராஸ் இல்லை, கான் ஸ்மைத் இல்லை. 2014-ல் இரண்டாம் ஆல் ஸ்டார் அணியில் ஒருமுறை இடம், அவ்வளவுதான். 2016 உலகக் கோப்பையில் அமெரிக்க அணியின் கேப்டன் இவர்தான். மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி.

அதே 2016-ல் ஸ்டான்லி கோப்பை இறுதியைப் பாருங்கள். அதற்கு முன் 18 ஆட்டத்தில் 13 கோல். பிட்ஸ்பர்க்கோடு இறுதியில் ஆறு ஆட்டம், ஒரே கோல். அதுவும் ஐந்தாவது ஆட்டத்தில், கோல்கீப்பர் வெளியே போன பிறகு காலிக் கூண்டுக்குள் தள்ளியது. என் பெயருக்கும் அந்தக் கோலுக்கும் சம்பந்தம் இல்லை.

"அமெரிக்காவில் பிறந்தவர்களில்" என்ற அடைமொழியும் கொஞ்சம் தந்திரம். அமெரிக்காவுக்காக ஆடிய பிரெட் ஹல் பிளே ஆஃபில் 103 கோல். பிறந்தது ஒன்டாரியோவின் பெல்வில்லில் என்பதால் இந்தப் பட்டியலில் வரமாட்டார்.

கடைசியாக, இவர் பேர் வாங்கியதே டிப்புக்கு. யாரோ அடித்த பக் (ரப்பர் வட்டு) இவர் மட்டையில் பட்டுத் திரும்புகிறது. பாதி அதிர்ஷ்டம். 2019 ஏப்ரலில் வேகாஸுக்கு எதிரான பிளே ஆஃப் முதல் ஆட்டத்தில் அணித்தோழர் பர்ன்ஸ் அடித்த பக் இவர் தாடையில் பட்டு உள்ளே போனது. பல் போச்சு, கோல் வந்தது. இதைத் திறமை என்று எழுதுவதா?

பட்டாம்பூச்சி

தாடைக் கோலை விட்டுவிடலாம். காலால் உதைக்காமல், கையால் தள்ளாமல், வேண்டுமென்றே திருப்பாமல் உடம்பில் பட்டுப் போனால் கோல்தான், விதி அப்படி. ஆனால் டிப்பை அதோடு ஒரே மூட்டையில் கட்டுவது சரியில்லை. கோல்கீப்பர் பக்கத்திலிருந்து சொல்கிறேன், கேளுங்கள்.

தாக்கும் பகுதியின் எல்லையான நீலக்கோட்டிலிருந்து கோல் கோடு 64 அடி. மணிக்கு 70 மைல் வேகத்தில் ஒரு ரிஸ்ட் ஷாட் (மணிக்கட்டால் சுண்டி அடிப்பது) வந்தால் கூண்டை அடைய ஏறக்குறைய 0.6 விநாடி. கோல்கீப்பர் பார்த்து, முட்டி போட்டு, கையைக் கொண்டுபோக அது போதும். அதே பக் கூண்டுக்கு 7 அடி முன்னால் ஒரு மட்டையில் பட்டு 10 டிகிரி திரும்பினால், மிச்சமிருப்பது 0.07 விநாடி, விலகல் ஒன்றேகால் அடி. அந்த நேரத்தில் மனிதக் கண்ணும் கையும் ஒன்றும் செய்ய முடியாது. ஏற்கெனவே போட்ட முட்டியும் வைத்த கையும் தற்செயலாக அங்கே இருந்தால் தடுக்கும், இல்லையென்றால் இல்லை.

சரி, அந்த 10 டிகிரியை எப்படி வரவைப்பது? இங்கேதான் பவெல்ஸ்கி.

நிற்கும் இடம் முதலில். கோல்கீப்பர் மார்போடு ஒட்டி நிற்பவன் நல்ல டிப்பர் இல்லை. க்ரீஸுக்குள், அதாவது கூண்டுக்கு முன்னாலுள்ள நீலப் பெயின்ட்டுக்குள், கால் வைத்து அவரை நகரவிடாமல் செய்தால் கோல் ரத்து. அதோடு பக் திரும்ப இடமும் இருக்காது. இவர் க்ரீஸுக்கு வெளியே, கோல்கீப்பர் கண்ணுக்கு நேராக நிற்பார். அடிப்பவர் மட்டை பின்னால் போகும்போது அரை அடி பக்கவாட்டில் விலகுவார். அதுவரை பார்வையை மறைத்த உடம்பு விலகுகிறது, மட்டை மட்டும் பாதையில் மிஞ்சுகிறது. சீக்கிரம் விலகினால் கோல்கீப்பர் பக்கைப் பார்த்துவிடுவார். தாமதித்தால் சொந்த ஆளின் ஷாட் சொந்த முழங்காலில்.

பிறகு கை. வலது கை ஆட்டக்காரர். மேல் கை இடுப்பிலிருந்து தள்ளி முன்னால், கீழ்க்கைப் பிடி தளர்வாக. மட்டையை வீசக்கூடாது. வீசினால் பத்தில் எட்டு தடவை பக் தப்பும், பட்டாலும் எங்கேயோ பறக்கும். பிளேடின் முகத்தை மட்டும் வைக்கணும். முகம் மேல்நோக்கித் திறந்தால் பக் எழும்பும், கவிழ்ந்தால் பனியில் குத்திக் குதித்துக் கால்களுக்கு நடுவே போகும். முழங்கால் உயரத்தில் வரும் பக்கைக் கீழே அறைந்து இறக்குவதுதான் கோல்கீப்பர்களுக்குப் பெரிய தலைவலி. முட்டி போட்டதும் மேல்பாதியைக் காப்பாற்றக் கை போயிருக்கும், பக் கீழே வரும்.

உயரத்துக்கும் கணக்கு உண்டு. பக் மட்டையில் படும் இடம் கூண்டின் மேல் கம்பத்துக்கு, அதாவது 4 அடிக்கு மேல் இருந்தால் கோல் செல்லாது. மற்ற இடங்களில் தோள் உயரம் வரை விடுவார்கள், கோலுக்கு மட்டும் கம்பம். இடுப்புக்கு மேல் வரும் ஷாட்டில் கையை எவ்வளவு தூக்கலாம் என்பதை அந்த அரை விநாடிக்குள் முடிவு செய்யணும். வீடியோவில் நிறுத்திப் பார்த்து ரத்தாகும் டிப்புகள் பெரும்பாலும் இந்த இரண்டு மூன்று அங்குலத்தில் போனவை.

இதைச் செய்யும்போது பின்னால் ஒருவர் முதுகில் மட்டையை வைத்துத் தள்ளிக்கொண்டிருப்பார். அதிர்ஷ்டமாம்!

வெறுங்கூண்டு

பட்டாம்பூச்சி ஐயா, பாடம் அருமை, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த ஷாட் அடிக்கிற ஆள்? ப்ரெண்ட் பர்ன்ஸ் மாதிரி ஒருவர் நீலக்கோட்டில் நின்று, கூண்டைக் குறிவைக்காமல் கம்பத்துக்கு வெளியே ஒரு அடி தள்ளி, பவெல்ஸ்கியின் பிளேடுக்கே குறிவைத்து அனுப்பினால் நல்ல கை உள்ள எவனும் கோல் போடுவான். பயிற்சி முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு இரண்டு பேரும் இதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள் என்பது ஊரறிந்த செய்தி. இன்னொரு பக்கம் இன்னொரு அணித்தோழர் ஜோ தார்ன்டன். 2013-14-ல் டோமாஷ் ஹெர்ட்டல் முழங்கால் அடிபட்டு விழ, பவெல்ஸ்கியைத் தார்ன்டன் வரிசைக்கு (முன்னால் சேர்ந்து ஆடும் மூவர்) ஏற்றினார்கள். 41 கோல், வாழ்க்கையிலேயே அதிகம். அந்த வரிசையில் நின்றிருந்தால் இன்னும் எத்தனை பேர் 30 தாண்டியிருப்பார்கள்?

2017-18-ல் 22 கோல், அடுத்த சீசன் 38. அடித்த ஷாட்டில் ஐந்தில் ஒன்று உள்ளே போனது. லீக் சராசரி பத்தில் ஒன்றுகூட இல்லை. இதற்குப் பெயர் என்ன?

ஏழாம்சுற்று

இதற்குப் பெயர் டிப். 7 அடியிலிருந்து திரும்பும் பக்கும் 50 அடியிலிருந்து வரும் ஷாட்டும் ஒரே சதவீதத்தில் போகுமா? நீங்கள் காட்டுகிற எண் எங்கள் கட்சிக்குத்தான் சாட்சி.

பர்ன்ஸும் தார்ன்டனும் இல்லாமல் என்ன செய்தார் என்றா கேட்கிறீர்கள்? 2019 ஜூலையில் டாலஸ் ஸ்டார்ஸ் மூன்று வருஷத்துக்கு 2.1 கோடி டாலர் கொடுத்தது. 35-ஐத் தொட்ட ஆளுக்கு இதென்ன விலை என்று பேசினார்கள். 2021-22-ல், 37 வயதில், ரூபே ஹின்ட்ஸ், ஜேசன் ராபர்ட்சன் கூட ஆடி 81 புள்ளி. அதுவும் வாழ்க்கையிலேயே அதிகம். அடுத்த சீசன் 77. அந்த வரிசையில் வேகம் இரண்டு இளைஞர்களுடையது, எங்கே நிற்கணும் என்ற அறிவு இவருடையது. சான் ஹோசே அதே கோடையில் எரிக் கார்ல்சனுக்கு வருஷம் 1.15 கோடி டாலர் எழுதிக் கொடுத்துவிட்டு, சம்பள உச்சவரம்பில் இடமில்லாமல் கேப்டனான இவரை விட்டது. அடுத்த ஐந்து சீசனும் பிளே ஆஃப் பக்கமே போகவில்லை. (முழுக் காரணம் இவர் போனது என்று சொல்லமாட்டேன், அந்த அணி எப்படியும் வயதாகிக்கொண்டிருந்தது.)

இறுதி ஆட்டத்தில் ஒன்றும் செய்யவில்லையா? 2020, எட்மன்டனில் ஆளில்லா அரங்கு, டாம்பாவுக்கு எதிரான இறுதி. நான்காவது ஆட்டத்தில் இரண்டு கோல். ஐந்தாவதில் தோல்வியின் விளிம்பில் 2-2 என்று சமன் செய்த கோல் இவருடையது. அதோடு பிளே ஆஃபில் மொத்தம் 61 கோல். அமெரிக்காவில் பிறந்தவர்களில் அதுவரை முதலிடத்திலிருந்த ஜோ மல்லனின் 60-ஐத் தாண்டியது அன்றுதான். கோப்பை டாம்பாவுக்குப் போனது, ஒப்புக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை

இரண்டு கட்சிக்கும் நடுவில், இவரோடு ஒப்பிடத்தக்க அமெரிக்க ஆட்டக்காரர்களின் பேரேடு ஒன்று.

ஜோ மல்லன்: 502 கோல், 1063 புள்ளி, மூன்று கோப்பை. 2000-ல் உள்ளே.
ஜெரமி ரோனிக்: 513 கோல், 1216 புள்ளி, கோப்பை இல்லை. 2009-ல் நிறுத்தியவர், 2024-ல்தான் உள்ளே.
கீத் கச்சக்: 538 கோல், 1065 புள்ளி, கோப்பை இல்லை. 2010-ல் நிறுத்தினார். 2025 பட்டியல் வரை வெளியே.
பவெல்ஸ்கி: 476, 1068, கோப்பை இல்லை.

வழக்கமான சீசனை மட்டும் பார்த்தால் கச்சக்குக்குத் திறக்காத கதவு இவருக்குத் திறக்க நியாயமில்லை. 62 கோல் குறைவு. அதனால் ஏழாம்சுற்று அவர்கள் 1068-ஐ முன்னால் வைத்து வாதாடுவது வீண். வாதமே பிளே ஆஃபில்தான் நிற்கிறது. கச்சக் 89 பிளே ஆஃப் ஆட்டத்தில் 28 கோல், இவர் 201-ல் 74. ஆட்டத்துக்குக் கணக்குப் போட்டால் 0.31, 0.37. வழக்கமான சீசனில் இவருடைய விகிதம் 0.36. ஆட்டம் இறுகும் மாதங்களில் பலருக்கு விகிதம் சரியும், இவருக்கு நூலளவு ஏறியது. டிப் என்ற தொழில் எங்கே பயன்படுகிறது என்பதும் இதில் தெரிகிறது. பிளே ஆஃபில் எதிராளி வழியை அடைக்க அடைக்க, சுத்தமான ஷாட்டுக்கு இடம் குறையும். நீலக்கோட்டிலிருந்து வரும் அழுக்கு ஷாட்தான் மிஞ்சும்.

வெறுங்கூண்டு

பிள்ளைவாள், கச்சக்கை எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. அவரை வெளியே வைத்துக்கொண்டு இவரை உள்ளே விடுவது என் கணக்கில் அநியாயம். 201 ஆட்டம் என்பது நல்ல அணிகளில் இருந்ததன் பலனும்கூட.

2019 வேகாஸ் ஏழாவது ஆட்டத்தை யாராவது இழுக்கும் முன் நானே இழுத்துவிடுகிறேன். 3-0 பின்தங்கி, ஏறக்குறைய 11 நிமிஷம் மிச்சம். ஃபேஸ் ஆஃப் (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டம் தொடங்குவது) முடிந்ததும் வேகாஸின் கோடி ஈக்கின் மட்டையால் மார்பில் தள்ள, அதே அணியின் ஸ்டாஸ்னி மோத, இவர் தலை பனியில் அடித்து ரத்தம். ஈக்கினுக்கு மேஜர் தண்டனை, வேகாஸ் ஐந்து நிமிஷம் ஓர் ஆள் குறைவாக ஆடணும். அந்த ஐந்து நிமிஷத்தில் ஷார்க்ஸ் நாலு கோல், கடைசியில் கூடுதல் நேரத்தில் 5-4. வீரம் எல்லாம் சரி, ஆனால் அந்த நாலு கோலில் இவர் பங்கு என்ன? உடை மாற்றும் அறையில் படுத்திருந்தார். அந்தத் தண்டனையே அளவுக்கு மீறியது என்பதால்தான் அடுத்த சீசனிலிருந்து மேஜர்களை நடுவர்கள் வீடியோவில் பார்த்து உறுதி செய்யவோ இரண்டு நிமிஷமாகக் குறைக்கவோ வழி செய்தார்கள்.

ஏழாம்சுற்று

அந்த ஆட்டத்தை நான் இழுக்கவே இல்லையே. நான் இழுப்பது அதற்கு இரண்டு வாரம் கழித்து, மே 8, கொலராடோவோடு ஏழாவது ஆட்டம். தலையில் அடிபட்டு அந்தத் தொடரின் முதல் ஆறு ஆட்டத்தையும் தவறவிட்டவர் அன்று இறங்கினார். ஆறு நிமிஷம் ஆவதற்குள் பர்ன்ஸ் ஷாட்டில் டிப், கோல். பிறகு ஹெர்ட்டல் கோலுக்கு அசிஸ்ட். 3-2 வெற்றி.

2023-லும் இதே கதை. மினசோட்டாவோடு முதல் ஆட்டத்தில் எதிரணியின் மாட் டம்பா இடித்து மூளை அதிர்ச்சி. திரும்பி வந்த அன்று, 38 வயதில், சியாட்டிலுக்கு எதிராக நாலு கோல். பிளே ஆஃபில் ஒரே ஆட்டத்தில் நாலு போட்டவர்களில் அவ்வளவு வயதானவர் கிடையாது.

வெறுங்கூண்டு

அந்த ஆட்டத்தில் டாலஸ் 5-4 தோற்றது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 2024-ல் 19 பிளே ஆஃப் ஆட்டத்தில் ஒரு கோல் என்பதையும்.

பட்டாம்பூச்சி

2024 விவகாரத்தில் தொழில் பக்கம் ஒன்று. இப்போது டிஃபென்ஸ்காரர்கள் டிப்பரின் முதுகில் நின்று தள்ளுவதைக் குறைத்துவிட்டார்கள். அவருக்கு முன்னால் வந்து நின்று ஷாட்டைத் தன் உடம்பில் வாங்குகிறார்கள், பக் டிப்பரிடம் வந்து சேர்வதே இல்லை. அதற்கு மருந்து ஒன்றுதான்: டிப்பர் பக்கவாட்டில் இரண்டு எட்டு வேகமாக வைத்துப் புதிய பாதை திறக்கணும். 39 வயதில் கை போகவில்லை, அந்த இரண்டு எட்டு போய்விட்டது. 2003-ல் 205-ஆவது இடம் வரை யாரும் எடுக்காததற்கும் அதே கால்தான் காரணம்.

வெறுங்கூண்டு

டிப் அதிர்ஷ்டம் என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஓட்டைத் திரும்ப வாங்கவில்லை. கச்சக் முதலில் போகட்டும்.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் கச்சக்குக்குத் தனி இழை தொடங்குங்கள். தலைப்பில் 538 என்று மறக்காமல் போடுங்கள்.