முட்டி வலிக்கும் மாமியாரோடு நீலகிரியில் ரெண்டு நாள்: தோட்டம், சர்ச், நல்ல சாப்பாடு

திருப்பூர்_மருமகள் கேட்டது:

வணக்கமுங்க. பொங்கல் கூட்டம் ஓய்ந்ததும் ஜனவரிக் கடைசி சனி, ஞாயிறு நீலகிரி போகலாம் என்று இருக்கிறோம். நான், வீட்டுக்காரர், ஆறாவது படிக்கும் பையன், அத்தை (மாமியார்). அத்தைக்கு 68 வயது, வலது முட்டி தகராறு. எட்டாவது வரை கான்வென்டில் படித்தவர். கும்பிடுவது எல்லாம் மாரியம்மனைத்தான், ஆனால் பழைய சர்ச் ஒன்றில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன தடவை ஒரு டூர் வேனில் போய்ப் பட்டது போதும். ஒரே நாளில் ஒன்பது இடம். பொட்டானிக்கல் கார்டனுக்கு நாற்பது நிமிஷம் கொடுத்தார்கள். வாசலிலிருந்து புல்வெளிக்கு நடந்து, ஒரு போட்டோ எடுத்து, திரும்புவதற்குள் வேன்காரர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். மதியச் சாப்பாடு நாலு மணிக்கு, ஆறிப்போன பிரியாணி. அத்தை அதைப் பையனிடம் தள்ளிவிட்டு பிஸ்கட் சாப்பிட்டார்.

இந்தத் தடவை உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை. எங்கே தங்குவது, எந்தத் தோட்டம் முட்டிக்கு ஆகும், நம்ம ஊர்ச் சாப்பாடு மாதிரி இல்லாமல் அங்கத்திய சாப்பாடு எங்கே கிடைக்கும்?

குன்னூர்_டாக்சிக்காரன்:

தங்கச்சி, நான் இங்கே 19 வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். ஒன்பது இடம் காட்டும் பாவத்தை நானும் செய்திருக்கிறேன், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

ஊட்டியில் தங்காதீர்கள். ஜனவரியில் அங்கே உறைபனி விழும். காலையில் புல் வெள்ளையாக இருக்கும், பையனுக்குக் கொண்டாட்டம், முட்டிக்குத் திண்டாட்டம். ஊட்டி 2,240 மீட்டர், குன்னூர் 1,850 மீட்டர்தான். அந்த வித்தியாசம் போர்வைக்குள் தெரியும்.

சனிக்கிழமை முழுக்கக் குன்னூர். சிம்ஸ் பார்க் 1874இல் உருவானது. ஒன்று கவனியுங்கள்: அது சமதளம் இல்லை, கிண்ணம் மாதிரி உள்நோக்கி இறங்கும் பள்ளம். கீழே படகுக் குளம் இருக்கிறது என்று எல்லோரும் ஜாலியாக இறங்குவார்கள். ஏறும்போதுதான் பாதி வழியில் இடுப்பில் கை வைத்து நிற்பார்கள். அத்தையை மேல் வாசல் பக்கப் பூப்பாத்திகளோடு நிறுத்திவிடுங்கள். அங்கே பெஞ்சு இருக்கிறது, வெயில் விழும். நீங்களும் பையனும் கீழே போய் ருத்ராட்ச மரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். வாசலுக்கு எதிரில் இருக்கும் பழைய கட்டடம் 1907இலிருந்து இயங்கும் பாஸ்டர் நிலையம், வெறிநாய்க்கடி தடுப்பூசிக்குப் பேர்போனது. பையனிடம் சொல்லுங்கள், தெருநாயைச் சீண்ட மாட்டான்.

ஞாயிறு ஊட்டிக்கு ரயிலில் போங்கள். டாக்சிக்காரன் இப்படிச் சொல்வதைப் பார்த்து என் சகாக்கள் திட்டுவார்கள், பரவாயில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்தே ஏறினால் ஊட்டி போய்ச் சேர ஐந்து மணி நேரம், மரப்பெட்டியில் அவ்வளவு நேரம் அத்தையால் உட்கார முடியாது. பல்சக்கரத் தண்டவாளமும் நீராவி எஞ்சினும் குன்னூரோடு முடிந்துவிடும், அதற்கு மேல் டீசல்தான். ஆனால் குன்னூரிலிருந்து வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போகிற அந்தத் துண்டுப் பயணம் கச்சிதம். கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் தோட்டங்கள் படிப்படியாக இறங்கும்.

ஊட்டியில் புனித ஸ்தேவான் ஆலயம். ஞாயிறு காலை ஆராதனை நடக்கும், அது முடிந்த பிறகு போங்கள். வெளியே மங்கலான மஞ்சள், உள்ளே போனதும் தலையைத் தூக்கிப் பாருங்கள்: கூரையைத் தாங்கும் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால் மஹால் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. 1829இல் அடிக்கல் நாட்டி, 1831 ஈஸ்டருக்குத் திறந்தார்கள். இந்த மலைப்பாதையில் அந்த மரங்களை எப்படி ஏற்றினார்களோ, கொண்டை ஊசி வளைவில் டெம்போ டிராவலரைத் திருப்பவே எனக்கு வேர்க்கும். பின்னால் சரிவில் கல்லறைத் தோட்டம். ஊட்டியை உண்டாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் அடக்கம்.

அப்புறம் காந்தல் குருசடி. இயேசுவை அறைந்த சிலுவையின் துணுக்கு இருப்பதாக நம்பும் இடம், 'கிழக்கின் எருசலேம்' என்பார்கள். எல்லா மதக்காரரும் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அத்தைக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

சொந்தக் காரில் வந்தால் நீலகிரிக்குள் நுழைய வேண்டிய இ-பாஸ் போனிலேயே எடுத்துவிடுங்கள், காசு கிடையாது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், செக்போஸ்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள்.

மலைப்பிரியன்77:

தொட்டபெட்டா போகாமல் நீலகிரியா? 2,637 மீட்டர், மாவட்டத்திலேயே உயரமான சிகரம். ரோஜாத் தோட்டமும் விட்டுவிட்டீர்கள். பையன் பாவம்.

குன்னூர்_டாக்சிக்காரன்:

தம்பி, ஞாயிற்றுக்கிழமை தொட்டபெட்டா ரோட்டில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதற்கு அவர்கள் திருப்பூரிலேயே உட்காரலாம். ரோஜாத் தோட்டம் அழகுதான், ஆனால் எல்க் ஹில் சரிவில் ஐந்து அடுக்கு. ஜனவரியில் பூவும் குறைவு. பொட்டானிக்கல் கார்டன் போகட்டும், 1848இல் தொடங்கிய தோட்டம், நுழைந்ததும் வரும் புல்வெளி போதும். மேலே தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து வரை ஏற வேண்டியதில்லை.

கோத்தகிரி_அக்கா:

சாப்பாட்டைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே! நான் இந்த மலையின் படகர் சமூகத்து வீட்டுப் பெண், இது என் துறை.

'ஊட்டி ஸ்பெஷல்' என்று போர்டு மாட்டிய ஓட்டலை விட்டுவிடுங்கள். அங்கே கிடைப்பது திருப்பூரிலும் கிடைக்கும். தங்கும் இடத்தில் முந்தின நாளே சொல்லி, படகர் சமையல் செய்யும் வீடோ மெஸ்ஸோ கேளுங்கள். ராகிக் களி, அவரையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு, கீரை. எங்கள் மசாலா உங்கள் குழம்பைவிடக் கொஞ்சம் கறுப்பாக, மிளகு வாசம் தூக்கலாக இருக்கும். களியைக் கடிக்கக் கூடாது, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும். பையனுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இங்கத்திய மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கி வாங்காமல் இறங்காதீர்கள். விறகு அடுப்பு இருக்கும் பேக்கரியாகத் தேடுங்கள், வாசலுக்கு வரும் முன்பே வாசனை வந்துவிடும். நல்ல வர்க்கியைக் கையில் உடைத்தால் பொரபொரவென்று அடுக்கடுக்காகப் பிரியும், மடியெல்லாம் தூள். உடைக்கும்போது ரப்பர் மாதிரி வளைந்தால் அது பழசு. டீயில் முக்கியதும் எடுத்துவிட வேண்டும், பேசிக்கொண்டிருந்தால் கிளாஸுக்குள் விழுந்துவிடும்.

திருப்பூர்_மருமகள்:

போய் வந்துவிட்டோம். எல்லோருக்கும் நன்றிங்க.

டாக்சி அண்ணா சொன்ன மாதிரியே அத்தையை சிம்ஸ் பார்க் மேலேயே உட்கார வைத்தோம். நாங்கள் கீழே போய்த் திரும்பி வருவதற்குள் பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு பாட்டியோடு முட்டி வைத்தியம் பேசி முடித்து, போன் நம்பரும் வாங்கிவிட்டார். ஏறி வந்ததில் என் முட்டிதான் வலித்தது.

ரயிலில் கூட்டம், ஆனால் ஒரு காலேஜ் பையன் எழுந்து இடம் கொடுத்தான். ஸ்தேவான் ஆலயத்தில் அத்தை கடைசி வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்து சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். இருபது நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் என்னவோ ஒரு பாட்டை வாய்க்குள் முனகினார், பாதி வரிக்கு மேல் ஞாபகம் வரவில்லை போல, திரும்பத் திரும்ப அதே வரி. வீட்டுக்காரர் 'கிளம்பலாமா' என்று வாயெடுத்தார், நான் காலை மிதித்தேன்.

அக்கா, களி வீட்டுக்காரருக்கு இறங்கவில்லை. பையன் ரெண்டு உருண்டை.

காந்தலில் அத்தை ரெண்டு மெழுகுவத்தி ஏற்றினார். ஒன்று முட்டிக்கு, இன்னொன்று பேரனின் கணக்குப் பரீட்சைக்காம். 'எனக்கு ஒன்றும் இல்லையா அம்மா' என்று இவர் கேட்டார். 'உனக்கு மாரியம்மன் போதும்' என்றுவிட்டார்.

வர்க்கி ஒரு கிலோ வாங்கினோம். மேட்டுப்பாளையம் தாண்டும்போது அரைக் கிலோ.