பொசிஷனிங்: "இடப்பிடிப்பு" சரிவருமா?

> வேறுபடுத்தல், நிலைப்படுத்தல் இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. புதுச்சொல் எதற்கு?

வணக்கம் ஐயா.

டிஃபரன்ஷியேஷனுக்கு (போட்டிப் பொருளிலிருந்து நம் பொருளை வேறாக்கிக் காட்டுவது) வேறுபடுத்தல் இருக்கட்டும், நல்ல சொல். பொசிஷனிங்குக்கு (வாங்குபவர் மனதில் பொருளுக்கென ஓர் இடத்தைப் பிடிப்பது) நிலைப்படுத்தல் என்பதுதான் இடிக்கிறது. ஏறி இறங்கும் விலையை ஒரே மட்டத்தில் நிறுத்துவதையும் 'விலை நிலைப்படுத்தல்' என்றே எழுதுகிறோம். வணிகவியல் மாணவருக்கு ஒரே சொல்லில் இரண்டு பாடம் என்றால் குழப்பம்தான் மிஞ்சும்.

இரண்டு கருத்துகளையும் பிரித்துக் காட்ட, தெரிந்த கதைகளே போதும். கடலூர்க்காரரான சி.கே.ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு முதலில். பாக்கெட் ஷாம்பு அப்போதே பல பெயர்களில் கடையில் தொங்கியது. இவர்கள் மல்லிகை, ரோஜா மணத்தைச் சேர்த்தார்கள். எந்த ஷாம்பு ஆனாலும் காலி பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். கொஞ்ச காலம் கழித்து, சிக் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார்கள். பிறகு விலையை 50 பைசாவுக்குக் கொண்டுவந்தார்கள். மணம், விலை, சலுகை எல்லாமே கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய வேறுபாடுகள். இது வேறுபடுத்தல்.

அமெரிக்காவில் ஏவிஸ் என்ற வாடகைக் கார் நிறுவனம் செய்தது வேறு. அந்தத் தொழிலில் அப்போது ஹெர்ட்ஸ்தான் முதலிடம். 1962-இல் ஏவிஸ், "நாங்கள் இரண்டாம் இடம்தான், அதனால் கூடுதலாக உழைக்கிறோம்" என்று விளம்பரம் செய்தது. நட்டத்தில் கிடந்த நிறுவனம் லாபத்துக்கு வந்தது. விளம்பரத்தின் மையம் காரைப் பற்றிய பெருமை இல்லை. வாடிக்கையாளர் மனதில் தனக்கென ஓர் இடத்தை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். 1972-இல் விளம்பரத் துறையைச் சேர்ந்த ஆல் ரீஸ், ஜாக் டிரௌட் இருவரும் கட்டுரைகள் எழுதிப் பரப்பிய பொசிஷனிங் இதுதான்.

இதற்குத் தமிழில் ஏற்கெனவே வழக்கு உண்டு: 'மனதில் இடம்பிடித்தல்'. படம் பிடித்தல் படப்பிடிப்பு ஆனது. இடம்பிடித்தல் இடப்பிடிப்பு ஆகலாம். பொசிஷன் செய்வது இடம்பிடிப்பது. ரீபொசிஷனிங் மறு இடப்பிடிப்பு. வினையாகவும் பெயராகவும் வளைகிறது.

> பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற நினைப்புதான் வருகிறது!

வரட்டும் அண்ணா, அது பலம்தான். முதல் சீட்டில் ஹெர்ட்ஸின் துண்டு கிடந்தது, ஏவிஸ் அடுத்த சீட்டில் போட்டது. கருத்தே அதுதான்.

'மன இருத்தல்' என்ற உங்கள் பரிந்துரையையும் யோசித்தேன். அது விளைவைத்தான் சொல்கிறது. நிறுவனம் திட்டமிட்டுச் செய்யும் வேலை அதில் தெரியவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. 'பொசிஷனிங் ஸ்டேட்மென்ட்' (எந்த இடத்தைப் பிடிக்கப் போகிறோம் என்று நிறுவனம் எழுதிவைக்கும் வாசகம்) என்பதை 'இடப்பிடிப்புக் கூற்று' என்று போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் முரடாக இருக்கிறது. இலங்கை நண்பர்கள் அங்கே வகுப்பில் எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதினால், அதையும் வைத்துக்கொண்டு முடிவு செய்யலாம்.

அன்புடன்.