அப்பாவின் தங்கப் பல்லும் இரும்புத் துகளும்

பெர்லின் மகள்:
2014இல் அப்பாவின் மூளைக்கட்டி திரும்பி வந்தது. கிளியோபிளாஸ்டோமா என்ற, வேகமாக வளரும் மூளைப் புற்றுநோய். சத்திரசிகிச்சை, கதிர், கீமோ எல்லாம் முடிந்து பதினொரு மாதம்தான் ஆகியிருந்தது. கட்டிக்குள் மிக நுண்ணிய இரும்புத் துகள்களை ஏற்றி, காந்தப்புலத்தால் அவற்றைச் சூடாக்கிக் கட்டியைத் தாக்கும் நானோ துகள் சிகிச்சை ஒன்று இருப்பதாக வைத்தியர் சொன்னார். மறுபடி மண்டையைத் திறப்பீர்களா என்று கேட்டேன். அவரோ, "அப்பாவின் வாயில் உலோகம் ஏதும் உண்டா?" என்றார்.

உண்டு. யாழ்ப்பாணத்தில் கல்யாணத்துக்கு முன் கட்டிய தங்கப் பல், கூடவே மூன்று உலோக அடைப்புகள். கட்டியிலிருந்து 40 சென்டிமீட்டருக்குள் உலோகம் இருக்கக் கூடாதாம். காந்தப்புலத்தில் அதுவும் சூடாகிவிடும். "தலையில் எதையும் செய்யட்டும், பல்லை விடச் சொல்" என்றார் அப்பா. அதை நான் ஜெர்மன் மொழியில் சொல்லவில்லை.

மண்டையோட்டில் சிறு துளையிட்டு, இரும்பு ஆக்சைடுத் துகள் கலந்த திரவத்தைக் கட்டிக்குள்ளேயே ஏற்றினார்கள். பிறகு வாரம் இருமுறை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம், மொத்தம் ஆறு தடவை காந்தப்புல இயந்திரத்துக்குள். அடுப்படியில் நிற்பதுபோல் இருக்கிறது என்பார். வியர்த்துக் கொட்டும்.

எங்களிடம் யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்று: துகள்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. அதன்பின் எம்ஆர்ஐ எடுத்தால் அந்த இடம் வெறும் கறுப்பு. கட்டி வளர்கிறதா என்று அறிய, கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேன்தான். அதற்குக் காப்புறுதிக்காரரோடு ஒவ்வொரு முறையும் சண்டை.

பௌதிக மாணவன்:
அக்கா, தங்குவதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். 12 நானோமீட்டர் துகள், மேலே அமினோசிலேன் என்ற வேதிப்பொருள் பூச்சு. ஒருமுறை ஏற்றினால் ஆறு தடவையும் சூடாக்கலாம். காந்தப்புலம் நொடிக்கு ஒரு லட்சம் தடவை மாறி மாறி வரும். கட்டிக்குள் வெப்பம் 50 பாகை செல்சியஸைத் தாண்டிய நோயாளிகளும் உண்டு. இந்தச் சிகிச்சை பற்றிய 2011 ஆய்வில், நோய் திரும்பிய 59 பேரின் இடைநிலை ஆயுள், அதாவது நோய் திரும்பியது தெரிந்ததிலிருந்து பாதிப் பேர் தாண்டிய காலம், 13.4 மாதம். ஆனால் ஒப்பிடுவதற்கென்று உடன் சேர்த்த குழு கிடையாது. எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

ஹம் நகரிலிருந்து:
என் அம்மாவுக்கு பேஸ்மேக்கர். இந்தச் சிகிச்சைக்குப் போனபோது, பத்து நிமிடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தத் துகள்களைத் தயாரித்த நிறுவனமும் 2022இல் நொடித்துப்போய்விட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பெர்லின் மகள்:
வெட்கம் எதற்கு அண்ணா. தம்பி, அப்பா பதினாறு மாதம் இருந்தார். கூடவே கதிரும் கொடுத்தார்கள். எது கேட்டது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? தங்கப் பல்லை அம்மா, கழற்றிய தாலியோடு ஒரே டப்பாவில் வைத்திருக்கிறார்.