லெஹி ரிப்பன்: மரியாதை மனிதருக்கா, இயக்கத்துக்கா?

நாணயப்பித்தன்:
பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்தில் அவ்ரஹாம் ஸ்டெர்ன் 1940-இல் இர்குன் என்ற யூத ஆயுதக் குழுவிலிருந்து பிரிந்து தொடங்கிய லெஹி என்ற தலைமறைவு ஆயுத இயக்கத்தின் முன்னாள் உறுப்பினர்களுக்கென இஸ்ரேல் அரசு 1980-இல் மார்பில் அணியும் ஒரு ரிப்பனை நிறுவியது. பதக்கங்களைச் சேகரிப்பவன் என்ற முறையில் இதில் எனக்குத் தவறேதும் தெரியவில்லை. அலமாரிக்குள் ஒளிந்திருந்த ஸ்டெர்னை 1942 பிப்ரவரியில் டெல் அவீவ் மாடி அறையொன்றில் கண்டுபிடித்த பிரிட்டிஷ் போலீசார் அங்கேயே சுட்டுக் கொன்றனர். 1947 ஏப்ரலில் லெஹியைச் சேர்ந்த மோஷே பராசானியும் இர்குனைச் சேர்ந்த மெயர் ஃபைன்ஸ்டைனும், தூக்கு மேடைக்குப் போகச் சில மணி நேரமே இருக்கையில், ஆரஞ்சுப் பழத்துக்குள் வைத்துச் சிறைக்குள் அனுப்பப்பட்ட வெடிகுண்டைத் தங்களுக்கிடையே பிடித்துக்கொண்டு மாண்டனர். தனக்காக இப்படி உயிர்விட்டவர்களின் தோழர்களை ஒரு நாடு மறந்துவிட வேண்டுமா?

காலச்சுவடி:
மறக்கச் சொல்லவில்லை. ஆனால் அதே நாடு 1948 செப்டம்பரில் இதே இயக்கத்தைப் பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அம்மாதம் 17-ஆம் தேதி ஜெருசலேமின் கட்டமோன் பகுதியில் ஜீப் ஒன்று சாலையை மறித்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்களில் ஒருவர் காரின் ஜன்னல் வழியே சுட்டதில் ஐ.நா. சமரசத் தூதர் ஃபோக் பெர்னடோட்டும் அருகில் அமர்ந்திருந்த பிரெஞ்சுக் கர்னல் செரோவும் இறந்தனர். 1945-இல் வெள்ளைப் பேருந்துகளை அனுப்பி நாஜி வதைமுகாம்களிலிருந்து யூதர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோரை மீட்டவர் பெர்னடோட். பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு ஆளான பெயரே 32 ஆண்டுகளுக்குப் பின் மார்பில் அணியும் ரிப்பனாகிறது. இர்குனின் முன்னாள் தளபதி மெனாக்கெம் பெகின் பிரதமராக இருந்த காலம் அது என்பதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நாணயப்பித்தன்:
பெகினை மட்டும் குறை சொல்வது பொருந்தாது. 1944-இல் கெய்ரோவில் பிரிட்டிஷ் அமைச்சர் மொய்ன் பிரபுவைக் கொன்றதற்காகத் தூக்கிலிடப்பட்ட இரு லெஹி இளைஞர்களின் எச்சங்கள் எகிப்திலிருந்து கைதிப் பரிமாற்றத்தில் மீட்கப்பட்டு, ஜெருசலேமின் தேசியக் கல்லறையான ஹெர்சல் மலையில் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது 1975-இல். அப்போது பிரதமர் தொழிற்கட்சியின் ரபின். மேலும், பெர்னடோட் கொல்லப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பே ஜெருசலேமுக்கு வெளியே லெஹி கலைக்கப்பட்டு அதன் உறுப்பினர்கள் ராணுவத்தில் சேர்ந்துவிட்டனர்; கொலைக்குப் பொறுப்பேற்ற அறிவிப்பில் இருந்ததும் வேறொரு பெயர். ரிப்பன் நாடு உருவாவதற்கான போராட்டத்துக்கு உரியது.

செப்புக்காசு:
இடையில் ஒரு சொல். ரிப்பன் அரசு தரும் உரிமை. கடையில் விற்கும் நினைவுப் பதக்கத்தைக் காசு கொடுத்து யாரும் வாங்கலாம். இரண்டையும் ஒன்றாகப் பேசினால் விவாதம் தடம் மாறும்.

காலச்சுவடி:
நல்ல திருத்தம், என் ஆட்சேபம் ரிப்பனின் மீதுதான். பெயரை மாற்றிக்கொண்டு சுட்டதால் பொறுப்பு மாறாது. அந்தக் கொலைக்கு லெஹித் தலைமையின் ஒப்புதல் இருந்தது என்பதை வரலாற்றாய்வாளர்கள் பொதுவாக ஏற்கின்றனர். லெஹியை வழிநடத்திய மூவரில் ஒருவரான இட்சாக் ஷமீர் 1983-இல் பிரதமரே ஆனார். 1975-இல் அடக்கம் செய்யப்பட்டது பெயர் தெரிந்த இருவர். அவர்கள் செய்ததும் தெரியும், வாதிடலாம். ரிப்பனோ ஆளைப் பார்ப்பதில்லை. சுவரொட்டி ஒட்டிய பள்ளி மாணவனுக்கும், 1948 ஏப்ரலில் இர்குனுடன் சேர்ந்து தேர் யாசின் என்ற அரபுக் கிராமத்துக்குள் புகுந்து படுகொலை செய்தவருக்கும், நாஜி ஜெர்மனியுடன் கூட்டுச் சேர 1941 தொடக்கத்தில் பெய்ரூட்டுக்குத் தூது போனவரை அறிந்திருந்தவருக்கும் துணி ஒன்றே.

நாணயப்பித்தன்:
அந்தத் தூதுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஜெர்மனி பதில்கூடத் தரவில்லை. ஆனால் போர் ரிப்பன் என்பதே எங்கும் அப்படித்தான்: களத்தில் இருந்தவர் அனைவருக்கும் ஒன்றே துணி. யூதர்களின் முதன்மைத் தலைமறைவுப் படையான ஹகானாவுக்கும் ரிப்பன் இருக்கிறது. 1945-46-இல் லெஹி, இர்குன் இரண்டோடும் கைகோத்து நின்றது அதே ஹகானாதான். ஜெருசலேமில் பிரிட்டிஷ் நிர்வாகம் இயங்கிய கிங் டேவிட் ஹோட்டலில் 91 பேரைக் கொன்ற இர்குன் தாக்குதலுக்கு முதலில் தலையசைத்ததும் அதுவே. அதன் ரிப்பனை மட்டும் ஏன் யாரும் கேள்வி கேட்பதில்லை?

காலச்சுவடி:
கேட்க வேண்டியதுதான், அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். பெர்னடோட் கொலைக்கு 1995-இல் வெளியுறவு அமைச்சர் ஷிமோன் பெரஸ் பொதுநிகழ்ச்சியில் வருத்தம் தெரிவித்தார். அதன் பிறகும் ரிப்பன் ஆளைப் பார்க்காமல் தரப்படுவது சரியா என்பதே என் கேள்வி.