போஜோலே விருந்துக்கு அப்பாவை அழைத்துப் போகலாமா?

வணக்கம். பாரிஸ் பக்கம் இருக்கும் அக்கா, அண்ணன்மார் யாராவது வழி சொல்லுங்கள்.

எங்கள் தெருமுனை உணவகத்தில் பருவத்துக்கு ஒரு விருந்து வைப்பார்கள். வசந்தத்தில் வெள்ளை அஸ்பாரகஸ், இலையுதிர் காலத்தில் காளானும் பூசணி சூப்பும். அடுத்தது நவம்பர் மூன்றாம் வியாழன், போஜோலே நூவோ. பிரான்சின் போஜோலே வட்டாரத்தில் அந்த ஆண்டு அறுத்த கமே என்ற வகைத் திராட்சை, சில வாரங்களிலேயே ஒயினாகிக் கடைக்கு வரும் நாள். 1985 முதல் இந்த வியாழன்தான் கணக்கு. அன்று சுவர் முழுக்க உள்ளூர் ஓவியர்களின் படங்களையும் மாட்டுகிறார்கள்.

புதுச்சேரியிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு ஓவியம் என்றால் உயிர். ஆனால் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. மெனுவிலோ முழுக்கப் பன்றி இறைச்சி வகைகள். சீஸ் இருக்கிறதே என்றேன். பல சீஸ்களில் கன்றின் இரைப்பை நொதி சேர்ப்பார்கள் என்று மனைவி என் வாயை அடைத்துவிட்டாள். (உண்மைதான். எனக்குத்தான் இத்தனை நாள் தெரியவில்லை.)

முன்கூட்டியே சொன்னால் சைவத் தட்டு தருவார்களா? பிரெஞ்சில் எப்படிக் கேட்பது? வேறோர் இடத்தில் ‘வெஜெத்தாரியன்’ என்று சொல்லியும் மீன்தான் வந்தது. சாப்பிடாமல் படங்களை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் முகம் சுளிப்பார்களா? ஒயின் என் பாடு, அதைப் பற்றிக் கவலையில்லை.

திங்கட்கிழமைக்குள் மேசை பதிவு செய்ய வேண்டும்.