பெனட்ரன்ஸ்: ‘ஊடுருவுதிறன்’ வேண்டாம், ‘முளைப்பு வீதம்’ ஆகுமா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் டாக்டர் அக்காவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

அக்கா, ‘பெனட்ரன்ஸ்’ (penetrance) என்ற ஆங்கில மரபியல் சொல்லுக்குத் தமிழாக நீங்கள் தந்த ‘ஊடுருவுதிறன்’ எனக்கு ஒட்டவில்லை. ஊடுருவுவது அம்பும் குளிரும். இங்கே எதுவும் எதையும் துளைக்கவில்லையே! மரபணுப் பிழை உள்ளவர்களில் எத்தனை பேருக்கு நோய் வருகிறது என்ற கணக்குதானே இது?

தசைகள் தாமாக இறுகி உடலை முறுக்கும் டிஸ்டோனியா நோயையே எடுத்துக்கொள்வோம். டார்1ஏ மரபணுவில் மூன்றே எழுத்து விடுபடும் பிழையை 1997இல் கண்டுபிடித்தார்கள். அது இருப்பவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்குத்தான் நோய். பெரும்பாலும் சிறுவயதில் ஒரு பாதம் உள்வாட்டமாகத் திருகிக்கொள்ளும். இல்லையென்றால் எழுதும் கை கோணும். இருபதுகளின் கடைசிவரை வராவிட்டால் அப்புறம் வருவது அரிது. மற்றவர்கள் அதே பிழையோடு பேரப்பிள்ளையை இடுப்பில் தூக்கி நடக்கிறார்கள்.

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் ஆயா பாகல் விதையை ஈரத்துணியில் முடிந்து அடுப்பங்கரையில் வைப்பார். சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்த்து, “பத்துக்கு மூணுதான் முளைச்சிருக்கு” என்பார். பெனட்ரன்ஸ் என்பது அதேதான். ‘முளைப்புத்திறன்’ விவசாயத்தில் ஏற்கெனவே புழங்குகிற சொல். நமக்கு ‘முளைப்பு வீதம்’ போதும்.

‘பலிப்பு வீதம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல்தான். ஆனால் சாபமும் பலிக்கும். பிள்ளைக்குக் கால் திருகினால் ‘யார் விட்ட சாபமோ’ என்று கலங்கும் தாயின் காதில் அது விழக்கூடாது.

---

தம்பி, கணக்குக்கு ‘முளைப்பு வீதம்’ சரி, ஏற்றுக்கொள்கிறேன். பிழை இருந்தும் நோய் முளைக்காத ஆளை என்னவென்று சொல்வது? முளைக்காத விதையை ஆயா குப்பையில்தானே போட்டிருப்பார்? என் எதிரே உட்காரும் தாய் சொத்தை விதை அல்ல.

மூளைப் படங்களில், பிழை உள்ள எல்லோருக்குமே சிறுமூளையிலிருந்து, மூளையின் நடுவே சமிக்ஞைகளை வாங்கி அனுப்பும் தலாமஸுக்குப் போகும் இழைகள் நலிந்திருக்கின்றன. நோய் வராதவர்களுக்கு அதற்கு அப்பால், தலாமஸிலிருந்து மூளையின் மேலடுக்கான புறணிக்குப் போகும் இழைகளும் நலிந்திருக்கின்றன. அந்த இரண்டாம் நலிவுதான் தாறுமாறான சமிக்ஞையை மறித்து அவர்களைக் காக்கிறது என்று கருதுகிறார்கள். குறையே காவலாவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது. பெற்றோரில் பிழையைத் தராத மற்றவரிடமிருந்து வந்த டார்1ஏ பிரதியில் ஒரு சிறு மாற்றம் இருந்தாலும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

டிஸ்டோனியாவின் இன்னொரு வகையைத் தரும் எஸ்ஜிசிஇ மரபணுப் பிழையில் கதை வேறு. தாய் தந்த பிரதி வழக்கமாக அடங்கியே கிடக்கும். நோய் வருவது அபூர்வம். அதே பிழையை மகன் தன் பிள்ளைக்குக் கொடுத்தால் அங்கே முளைத்துவிடலாம். ஆக, விதை உயிரோடுதான் இருந்திருக்கிறது.

‘உறங்குவித்தர்’ என்று முதலில் எழுதினேன். மயக்கமருந்து கொடுப்பவர் போல ஒலித்தது. ‘உறங்குவிதையர்’ எப்படி? ‘கேரியர்’ (carrier) என்பதற்குச் சொல்லும் ‘கடத்தி’ மட்டும் வேண்டாம். அந்தத் தாய் எதையும் கடத்தவில்லை.

தாய்க்கும் பிள்ளைக்கும் நான் வரைந்து காட்டும் குடும்பப் படத்தில், தாயைக் குறிக்கும் பாதி நிழலிட்ட வட்டத்துக்குக் கீழே இந்த வாரம் ‘உறங்குவிதையர்’ என்று எழுதிப் பார்க்கிறேன்.