ஜி.எம். (கெய்கர்-முல்லர்) கதிர்வீச்சுக் கவுண்டரில் எண்ணிக்கை ஏறவில்லை, டியூப் போய்விட்டதா? அவசரம்

லேப்_பொறுப்பு
அடுத்த வாரம் பி.எஸ்சி. பிராக்டிகல் தேர்வு. கதிரியக்க சோர்ஸை டியூப்புக்கு ஒட்டினாற்போல் வைத்தும் பேக்கிரவுண்டைவிட (சோர்ஸ் இல்லாமலே வரும் எண்ணிக்கையைவிட) கொஞ்சம்தான் ஏறுகிறது. புது டியூப் கேட்டால் நிர்வாகம் தராது. சோர்ஸ்தான் கெட்டுவிட்டது என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

காமா
எந்த சோர்ஸ்? அதன் வில்லையில் என்ன தேதி? எத்தனை வோல்ட் வைக்கிறீர்கள்?

பழைய_டியூப்
சந்தேகமே வேண்டாம், டியூப்தான். உள்ளே மின்னிறக்கத்தை அணைக்கும் குவெஞ்சிங் வாயு ஆர்கானிக் என்றால் எண்ண எண்ணத் தீர்ந்துபோகும். வோல்டேஜை ஏற்றிப் பாருங்கள்.

காமா
ஏற்றாதீர்கள்! பிளாட்டோவை (எண்ணிக்கை அதிகம் மாறாத வோல்டேஜ் பகுதியை) தாண்டினால் தொடர் மின்னிறக்கம் வந்து நல்ல டியூப்பும் போய்விடும். வேறு சோர்ஸ் இருந்தால் அதே தூரத்தில் வைத்துப் பாருங்கள். இடுக்கியால் எடுங்கள், கையால் வேண்டாம்.

லேப்_பொறுப்பு
கோபால்ட்-60. 2004 என்று இருக்கிறது. சீசியமும் ஒன்று உண்டு.

ஓய்வு_பேராசிரியர்
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். கோபால்ட்டின் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம்) 5.27 ஆண்டு, 21 ஆண்டில் 16இல் ஒரு பங்குதான் மிஞ்சும். லேப் நடத்துபவருக்கு இதுகூடத் தெரியாவிட்டால் மாணவர்கள் என்ன கற்பார்கள்?

முதுகலை_மாணவி
ஐயா, கேட்டவரைத் திட்டினால் அடுத்தவர் கேட்காமலே குப்பையில் போட்டுவிடுவார். 2010இல் டெல்லி மாயாபுரியில் நடந்த விபத்து நினைவிருக்கிறதா? டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த காமா கருவி ஏலத்தில் காயலான் கடைக்குப் போய், அங்கே உடைத்தவர்களில் ஒருவர் இறந்தார். அதுவும் கோபால்ட்-60தான்.

பழைய_டியூப்
அதன் கதிரியக்கம் கியூரிக் கணக்கு, இது மைக்ரோகியூரி, அதாவது கியூரியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பயமுறுத்தாதீர்கள். இந்த அளவுக்கு அனுமதியே தேவையில்லை.

ஓய்வு_பேராசிரியர்
பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். அனுமதி தேவைப்படாத விலக்கு வரம்பு ஒவ்வொரு ஐசோடோப்புக்கும் வேறு. சர்வதேச அணுசக்தி முகமையின் தரநிலையில் கோபால்ட்-60க்கு 100 கிலோபெக்கரல், சீசியம்-137க்கு 10தான். ஒரு மைக்ரோகியூரியே 37 கிலோபெக்கரல், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதுகலை_மாணவி
அளவு சின்னது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காயலான் கடைக்காரருக்கு அது தெரியுமா? எத்தனை கல்லூரிகளில் சோர்ஸ் பதிவேடு ஒழுங்காக இருக்கிறது? பொறுப்பாளர் ஓய்வு பெற்றால் அலமாரிச் சாவியே கிடைப்பதில்லை.

காமா
லேப்_பொறுப்பு, வில்லையில் உடைசல், விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஈயப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பதிவேட்டில் ஐசோடோப்பு, தேதி, அளவு எழுதுங்கள். திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று விற்றவரிடம் கேளுங்கள், இல்லையென்றால் கல்லூரி வழியாக அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதுங்கள்.

லேப்_பொறுப்பு
சீசியத்துக்கு எண்ணிக்கை நன்றாக வருகிறது. டியூப் சரி. தேர்வுக்கு அதையே வைக்கிறேன். கோபால்ட்டைப் பூட்டியாயிற்று. நன்றி.

காமா
பதிவேட்டில் ஏற்றினீர்களா? விற்றவருக்கு எழுதினீர்களா?